நாரில் கட்டிய வெள்ளைப் பூ

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மன்னியுங்கள். அஞ்சாவதோடு படிப்பு நின்றது, பாதி மறந்தும்விட்டது. பூக் கட்ட மட்டும் மறக்கவில்லை. வினையே அதில்தான் வந்தது.

அப்போது திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட வாசலில் பூ விற்றேன். மகள் செல்வி அங்கேதான் பத்தாவது. அறிவியல் கண்காட்சியில் ஜெயித்தால் மாவட்டப் போட்டிக்குப் போகலாம் என்று அதே நினைப்பாக இருந்தாள்.

சிவப்பு அந்திமந்தாரையையும் வெள்ளையையும் சேர்த்து ரோஸ் பூ வரவைத்திருந்தாள். அந்த ரோஸ் செடியின் விதைகளை என்னிடம் கொடுத்தாள்.

"நாலுல ஒண்ணு செவப்பு, ரெண்டு ரோஸு, ஒண்ணு வெள்ளையா வரும்மா. நாப்பது வெத போடு."

"நாலுலயே கணக்கு வந்துடுதே, அப்பால நாப்பது எதுக்கு?"

(வீட்டில் இருந்ததே நாலு பெயிண்ட் டப்பா.) நாலே விதை ஊன்றி, முளைக்கும் முன்பே டப்பாக்களில் சுண்ணாம்பால் நிறத்தை எழுதிவிட்டேன். செல்வி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவருவதற்குள் மீதி விதை குப்பைக்குப் போயிருந்தது.

கண்காட்சி அன்று சாயங்காலம், அவள் முன்னால் போன பிறகுதான் மொட்டுகள் முதன்முதலாக விரிந்தன. மூன்று டப்பாவில் எழுதியபடியே பூத்தது. 'வெள்ளை' டப்பாவில் ரோஸ்! அதைக் கிள்ளிவிட்டு, பழைய வெள்ளைச் செடியின் பூ ஒன்றைப் பறித்து, காம்பில் வாழைநாரால் கட்டி எடுத்துப் போனேன்.

"சொன்னேன்ல டீச்சர்!" என்று செல்வி குதித்தாள்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "பூக்காரம்மா, இந்த முடிச்சைத்தானே நான் தெனம் தலையில வெச்சுக்கினு வரேன்?"

இழுத்தும் பார்த்தார். அவிழவில்லை. (என் முடிச்சு அப்படி.)

செல்வி அழுதுவிட்டாள். "நாலுல தப்பும்னுதாம்மா நாப்பது கேட்டேன். ரோஸாவே வுட்டிருந்தா நானே வெளக்கியிருப்பேன்."

மாவட்டத்துக்கு வேறு பெண் போனாள். செல்வி மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

பல வருஷம் கழித்துச் செல்விக்கு மகள் பிறந்தபோது, "மூக்கு அப்படியே என்னுது" என்றேன். செல்வி குழந்தையின் மூக்கைத் தடவிப் பார்த்து, "நாரு ஒண்ணும் காணோமே" என்றாள். இன்றைக்கும் யாருக்கு யார் ஜாடை என்று பேச்சு வந்தால், வீட்டில் எல்லோரும் நாரைத் தேடுகிறார்கள்.

ஒன்று, இரண்டு, ஒன்று என்று எழுதியது சரிதானா? படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். செல்வியைக் கேட்க எனக்கு இன்னும் வெட்கம்.