பென்சீன் சாரின் இரும்புக் கேட்

நான்காம் வகுப்பைத் தாண்டாத நான், மன்னார்குடியில் ஒற்றை ஆளாக வெல்டிங் பட்டறை போட்டேன். வலங்கைமான் வரைக்கும் வாய்க்கால் மதகுகளுக்கு ஷட்டர் மாட்டியிருக்கிறேன். வெள்ளமே முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. அப்பேர்ப்பட்ட என்னை ஆறு கம்பியை வைத்து அழவிட்ட ஒரே பிறவி, கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்திய பென்சீன் சார். அவ்வளவு படித்துவிட்டு அவ்வளவு குழம்பிய மனிதர் பூமியில் கிடையாது.

ஓய்வு பெறும் நாளில் தன் துறைக்கு ஒரு கேட் அன்பளிப்பு தர வேண்டுமாம். அதன் நடுவில் அறுகோணமாக பென்சீன் மூலக்கூறின் படம்.

"ஆறு மூலை, ஆறு கார்பன். ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் ரெட்டைக் கம்பி வைங்கண்ணே."

வைத்தேன். மறுநாள் வந்து, "ரெட்டைக் கம்பி ஒவ்வொண்ணையும் அடுத்த பக்கத்துக்கு மாத்திடுங்க" என்றார். வெட்டி மாற்றினேன். மூன்றாம் நாள், "பழையபடியே இருக்கட்டும்" என்றார். நான் வெட்டவில்லை, கேட்டை அப்படியே புரட்டிப் போட்டேன். அரைமணி நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இப்பச் சரி" என்கிறார் மேதை!

நான்காம் நாளும் வந்து நின்றார். விழாவுக்கு ஒரு நாள்தான் பாக்கி.

"அந்த ரெண்டாவது கம்பி எங்கதான் சார் நிக்கணும்?"

"அது எங்கயும் நிக்காதுண்ணே. ஆறு பக்கமும் சமம். தாள்ல எப்படிப் போட்டாலும் அரை உண்மைதான்."

"நிக்காத கம்பிக்கு என்னத்துக்கு சார் வெல்டிங்கு?"

ஆத்திரத்தில் உள்கம்பி மூன்றையும் வெட்டினேன். ஒன்றாகப் பற்றவைத்து, வளைத்து, நடுவில் வளையமாக்கினேன். "இந்தாங்க, ஆறு பேருக்கும் பொது. போதுமா?"

சார் குனிந்து வளையத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "புத்தகத்துலயும் இப்படிப் போடுவாங்கண்ணே. வட்டத்துல எத்தனை எலக்ட்ரான்னு எண்ண முடியாதுன்னு சொல்லி, வட்டம் போட்ட பிள்ளைங்களுக்கெல்லாம் நான் மார்க்கு குறைச்சேன்."

"நல்லா பாத்தீங்க வாத்தியார் வேலை!" என்றேன். அவர் கோபப்படவில்லை. சூடு ஆறாத வளையத்தைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டு, குழந்தைபோலச் சிரித்தார்.

கேட் ஏறிவிட்டது. அதில் அவர் பேர் மட்டும் இருக்கிறது. இது என்ன நியாயம்? வளையம் போட்டவன் நான். என் பேரையும் எழுதியாக வேண்டும். அவர் பேரை நகர்த்த வேண்டாம். ஒட்டினாற்போலப் பக்கத்தில் எழுதினால் போதும்.