பக்கெட்டில் கரைந்த ஆறு வாரம்

பார்க்டேல், டொராண்டோ
17 மார்ச் 1977, வியாழன்

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு மாப்பிள்ளை தட்சிணாமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நாகலட்சுமியும் நலம். என் வேலைதான் நலமில்லை. தங்கள் சர்க்கரையும் அத்தையின் முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என நம்புகிறேன்.

வேலை நிரந்தரமா என்று மறுபடி கேட்டிருந்தீர்கள். நாளை காலை பத்து மணிக்குத் தெரியும். கடலே இல்லாத ஊர்களில் உவர்நீரை நன்னீராக்கும் ஆலைகள் உண்டு. நல்ல நீரை ஊர் குடித்துவிடும். மிஞ்சும் கடும் உப்புக் கழிவுநீரை எங்கே விடுவது? ஆற்றில் விட்டால் ஆறு கெடும். அதை வற்றவைத்து உப்பாக்கிக் காட்டத்தான் எனக்குச் சம்பளம். ஆறு வாரம் பாடுபட்டு, ஐந்து குடம் கழிவுநீரை ஒரு தட்டு கல்லுப்பாக்கினேன். நாளை ஆலைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். திருப்தியானால் நிரந்தரம், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பெட்டியோடு தங்கள் வாசலில் நிற்பேன்.

உப்பில் ஈரம் போகவில்லை, எங்கள் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரில் அப்பளமே சுடலாம் என்பதால் நேற்று அதன்மேல் கொண்டுவந்து வைத்தேன், இன்று சாயங்காலம் வீடு திரும்பியதும் நாகலட்சுமி என்னைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, எதையோ என் தலையைச் சுற்றி மூன்று சுற்று சுற்றினாள், குளியலறைப் பக்கெட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது, கண்ணைத் திறந்தால் தட்டு காலி.

"என்ன கரைச்சே?"

"இந்த ஊர்ல எல்லாம் மாவு மாதிரி உப்புதான். எங்கேயோ தேடி கல்லுப்பு வாங்கிட்டு வந்தீங்களே, அதான்."

"அத்தனையுமா?"

"ஒரு கூட்டமே உங்களைப் பார்க்க வருதே, கைப்பிடி போதுமா?"

நான் ஆறு வாரத்தில் உப்பாக்கிய கழிவுநீரை, காபி ஆறும் நேரத்தில் அவள் மறுபடி கழிவுநீராக்கிவிட்டாள். நாளை பக்கெட்டையே தூக்கிக்கொண்டு போகிறேன். கண்ணேறு என்பது மூடநம்பிக்கை என்று தாங்கள் மகளுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதவேண்டும். நான் சொன்னால், "அப்பா சொல்லட்டும்" என்கிறாள்.

அத்தைக்கு என் வணக்கங்கள்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
தட்சிணாமூர்த்தி

பி.கு. (வெள்ளி மாலை): கண்டித்து எழுதவேண்டாம். "உப்பு எங்கே?" என்று கேட்டார்கள். தண்ணீர் பட்டுக் கரைந்துவிட்டது என்ற உண்மையைச் சொன்னேன். ஆலைக்காரர்களில் மூத்தவர் முகம் வெளுத்துவிட்டது. உப்பைத் திறந்தவெளியில் மலையாகக் குவிப்பதுதான் அவர்கள் திட்டமாம்; மழை என்று ஒன்று உண்டு என்பது யாருக்கும் தோன்றவில்லையாம். தூத்துக்குடியில் உப்புக் குவியலுக்கு ஓலை போர்த்துவது ஞாபகம் வந்து, கூரை போடலாம் என்றேன். அந்தக் கூரையை வடிவமைக்க என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். "சுத்திப் போட்டது பலிச்சுதா இல்லையா?" என்கிறாள் நாகலட்சுமி, விஞ்ஞானத்தில் இதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். இனி மாதாமாதம் சுற்றுவதாக முடிவு. ஆனால் ஆபீசில் உப்பைப் பூட்டிவிட்டார்கள். ஆகவே அத்தையிடம் சொல்லி, கப்பல் தபாலில் நான்கு படி கல்லுப்பு அனுப்பிவைக்கவும்.