பாஸ்வேர்டு வாங்கிப் போன அண்ணன்

வலைத்தளத்தில் எழுதுகிறவர்கள் ஒரு ரகம், அதைப் படிக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டிலும் சேராமல், எழுதுகிறவரின் தோளில் கை போட்டு, “இப்படியே விட்டா வளராதுங்க” என்று சொல்வதற்கென்றே ஒரு மூன்றாவது ரகம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் இன்னும் எழுத ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். ஆரம்பியுங்கள், மறுநாளே வீட்டு வாசலில் நிற்பார்.

இவர் சும்மா பேசுகிறவர் இல்லை, அனுபவசாலி. இதுவரை ஆறு தளங்கள் தொடங்கியிருக்கிறார். ஆறுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி முத்திரை, ‘என்னைப் பற்றி’ என்று தலைப்பிட்டு மோவாயில் கை வைத்து ஜன்னலைப் பார்க்கும் புகைப்படம். ஒவ்வொன்றிலும் இரண்டே இரண்டு பதிவுகள். முதலாவது, ‘வந்துவிட்டேன்’. இரண்டாவது, ‘வேலைப் பளுவால் எழுத முடியவில்லை, வாசகர்கள் பொறுத்தருள்க’. எந்த வாசகர்கள்? அந்த மாதம் பதிவான வருகை மொத்தம் பதினொன்று. அதில் ஒன்பது முறை வந்தது இவரேதான், பின்னணி நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. மீதி இரண்டு முறை அவர் மனைவி, வற்புறுத்தலின் பேரில்.

நாம் பார்க்கப் போகிறவர் ஒரு அண்ணன். அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிக்கொண்டு வருவதைத் திருத்தும் உத்தியோகம். அவருடைய தங்கை தையல் மெஷின் பழுது பார்க்கிறவள். நீளவாக்கில் ஒரு சிறிய கடை, பிரித்துப் போட்ட மூன்று மெஷின்கள், எண்ணெய்க் குப்பி, எவ்வளவு துடைத்தாலும் கறுப்பாகவே இருக்கும் ஒரு துணி. நாளெல்லாம் போன் வரும். நூல் அறுகிறது, ஊசி உடைகிறது, அடிநூல் மேலே வருகிறது. எண்ணெய்க் கையோடு போனை எடுத்து ஒரே பதிலைப் பத்து பேருக்குச் சொல்லி அலுத்துப் போய்த்தான் அவள் ஒரு தளம் தொடங்கினாள். பெயர் ‘மெஷின் சந்தேகங்கள்’. ஒவ்வொரு கோளாறுக்கும் நாலு வரி, ஒரு படம், படத்தின் ஓரத்தில் அவளுடைய கட்டை விரல். அடியில் கடை நம்பர்.

அந்த நாலு வரிக்குக் கீழே ஜனங்கள் கேள்வி கேட்டார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பதில் எழுதினாள். ‘ஊசியைத் திருப்பி மாட்டியிருக்கிறீர்கள், தட்டையான பக்கம் எங்கே இருக்கிறது பாருங்கள்.’ ‘பாபின் பெட்டிக்குள் ஒரு நூல் துண்டு இருக்கும், ஊதினால் போகாது, குண்டூசியால் எடுங்கள்.’ இரண்டரை வருடத்தில் முன்னூறு கேள்விகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. முகம் தெரியாத முன்னூறு பேரின் மெஷின் திரும்ப ஓடியதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

அங்கேதான் தப்பு நடந்தது. அலுவலகத்தில் ஒருவர் தன் மனைவி இந்தத் தளத்தைப் பார்த்து மெஷினைச் சரிசெய்ததாக அண்ணனிடமே புகழ்ந்துவிட்டார். அண்ணனுக்குச் சுருக்கென்றது. ஆறு தளம் கண்டவன் நான் இருக்க, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு தளமா? அந்த ஞாயிற்றுக்கிழமையே கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தளத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்து, பெயரில் கவர்ச்சி இல்லை, தலைப்பில் எண் இல்லை, வாரத்துக்கு மூன்று பதிவு இல்லை, எழுத்து பொடியாக இருக்கிறது, இந்தக் கட்டை விரல் யாருடையது என்று மூச்சு விடாமல் அடுக்கினார்.

எல்லாமே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்து பொடிதான். கட்டை விரலும் அவசியமில்லைதான். இந்த ரகத்திடம் ஆபத்தே இதுதான். பத்தில் இரண்டு சரியாகச் சொல்லிவிடுவார்கள். அந்த இரண்டைக் காட்டி மீதி எட்டையும் நம் தலையில் கட்டிவிடுவார்கள்.

“பாஸ்வேர்ட மட்டும் குடு. ஒரு மாசத்துல எங்க நிக்குதுன்னு பாரு” என்றார்.

அவளுக்கு அன்று மாலை கொடுக்க வேண்டிய மெஷின் இரண்டு பாக்கி. மாட்டேன் என்றால் அம்மாவுக்குப் போன் போகும், அம்மாவிடமிருந்து இவளுக்குப் போன் வரும், அது முடிய ஒரு மணி நேரம் ஆகும். கொடுத்துவிட்டாள்.

மூன்று வாரத்தில் ‘மெஷின் சந்தேகங்கள்’ ‘தையல் உலகம் 360’ ஆயிற்று. திறந்ததும் ஒரு பெட்டி குதித்து மின்னஞ்சல் முகவரி கேட்டது. அதை மூடினால் இன்னொரு பெட்டி, ‘போகிறீர்களா?’ என்று வருத்தப்பட்டது. ‘நூல் அறுந்தால்’ என்ற பதிவு, ‘நூல் அறுவதற்கு ஐந்து காரணங்கள்: ஐந்தாவது உங்களைத் தூக்கிவாரிப் போடும்’ என்று மாறியது. ஐந்தாவது காரணம், ‘இன்ன பிற’. கடை நம்பரைக் காணோம்.

“நம்பரப் போட்டா சின்னக் கடைன்னு தெரிஞ்சிடும்” என்றார் அண்ணன்.

“சின்னக் கடைதானே?”

“அது உனக்குத் தெரியும். உலகத்துக்கு எதுக்குத் தெரியணும்?”

அதையும் பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் மத்தியானம் பதில் எழுதலாம் என்று உள்ளே போனால், பதில் எழுதக் கேள்வியே இல்லை. ஒரு பக்கத்திலும் இல்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

“கீழ ஒரே குப்பையா கெடந்துச்சும்மா. பக்கம் திறக்கவே நேரமாச்சு. சுத்தம் பண்ணிட்டேன்.”

“எல்லாத்தையுமா?”

“ஒண்ணு விடாம” என்றார், பாராட்டை எதிர்பார்த்து.

“அண்ணா, அதுதான் தளமே. மேல இருந்த நாலு வரி வெறும் போர்டு.”

உணர்ச்சிவசப்படாதே, எண்ணிக்கையைப் பார், இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது என்றார் அவர். ஏறத்தான் செய்தது. பதிலைத் தொலைத்தவர்கள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து தேடிக்கொண்டிருந்தார்கள். கடையைப் பூட்டிவிட்டு, எத்தனை பேர் கதவைத் தட்டினார்கள் என்று எண்ணிப் பூரித்த மனிதரை அன்றுதான் உலகம் கண்டது. தங்கை போனை வைத்துவிட்டு அழுதாள். இரண்டரை வருடம் அவள் கைப்பட எழுதியது, ஒரு மத்தியானத் தூக்கத்துக்கு முன்னால் துடைத்தெறியப்பட்டுவிட்டது.

தானே போய் ஏதாவது மீட்க முடியுமா என்று பார்த்தால், பாஸ்வேர்டு பொருந்தவில்லை. பாதுகாப்புக்காக அண்ணன் மாற்றியிருந்தார்.

நாலாம் நாள் கடைக்கு ஒரு போன் வந்தது. வேறு ஊரில் வீட்டோடு இருந்து தைக்கிற ஒரு பெண். “அக்கா, நான் கேட்டது, நீங்க சொன்னது எதையுமே காணோமே” என்றாள். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டாள் இவள். நோட்டில் எழுதி வைத்திருந்தாளாம். வீட்டில் இருப்பது ஒரே போன், அதைக் கணவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அவர் வந்து குளித்துச் சாப்பிடும் அரை மணி நேரத்தில், தனக்கு வேண்டியது, வேண்டாதது, அடுத்தவர் கேட்டது எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எழுதிக்கொள்வாளாம். என்றைக்காவது அந்தக் கோளாறு தனக்கும் வரும் அல்லவா? இரண்டு நோட்டு நிறைந்திருந்தது.

அன்று சாயங்காலம் அந்த நோட்டுகளின் பக்கங்கள் படம் படமாக வந்து விழுந்தன. முன்னூறும் இல்லை; நூற்றுத் தொண்ணூறு தேறியது. தங்கை புதிதாக ஒரு தளம் தொடங்கினாள். பழைய பெயர். முதல் வரியில் கடை நம்பர். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கினாள், நியாயம் நியாயம்தானே. கட்டை விரல் மறுபடியும் வந்துவிட்டது. படத்தை அந்தக் கையால்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அண்ணன் இப்போது கூட்டங்களில் பேசுகிறார். தலைப்பு, ‘தளம் வளர்ப்பது எப்படி’. தங்கையின் பழைய பக்கத்தைத் திரையில் காட்டி, இது நான் வருவதற்கு முன்பு என்கிறார். கைதட்டுகிறார்கள்.

புதிய தளத்தில் முதலில் வந்து விழுந்தது கேள்வி அல்ல. ‘நல்ல முயற்சி. ஆனால் இப்படியே விட்டால் வளராது.’ யார் எழுதியது என்று அவளுக்குத் தெரியாதா? கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் எழுதுகிற மாதிரியே பதில் எழுதினாள்: ‘உங்கள் மெஷினில் என்ன கோளாறு?’

சிரித்தீர்களா? சந்தோஷம். ஆனால் நடுவில் எங்காவது, ‘இவ்வளவு நீளம் எதற்கு, ஐந்து குறிப்புகளாகப் பிரித்துப் போட்டிருக்கலாமே’ என்று தோன்றியதா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். உங்கள் தங்கையோ, மைத்துனனோ, பக்கத்து வீட்டுக்காரரோ, யாருடைய பாஸ்வேர்டாவது உங்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மாற்றாமல்.