வாசலில் ஒரு வேலைநிறுத்தம்

பெண் பார்க்கக் கோவளத்திலிருந்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். பொன்னுரங்கம் மேஸ்திரியின் வாசலிலோ ஆளுயரப் பள்ளம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

பீர்க்கன்கரணையில் தெரு முழுக்க மழைநீர்க் கால்வாய் வேலை. தோண்டிய கையோடு கட்டடத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள் சட்டியைக் கவிழ்த்துவிட்டு, எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"மாப்ள வூட்டம்மா இத தாண்டிக் குதிச்சா வருவாங்க?" என்றாள் அவர் மனைவி அங்காளம்மாள்.

பொன்னுரங்கம் ஒரு பலகையைக் குறுக்கே போட்டார். நிமிர்வதற்குள் சங்கச் செயலாளர் பாலு வந்து அதைத் தூக்கிக்கொண்டான்.

"பலக போட்றதும் வேலதாண்ணா. ஸ்டிரைக் டைம்ல சைட்ல துரும்பு அசையக்கூடாது. நீ போட்ட ரூலு."

உண்மைதான். ஊர் வேலைக்கு உள்ளூர் ஆள், ஒருத்தனை விட்டுவிட்டு மற்றவன் சட்டி தூக்கக்கூடாது என்றெல்லாம் காண்டிராக்டர்களிடம் ஒப்பந்தம் பேசியபோது முன்னால் நின்றவர் அவர்தான். தாம்பரத்தில் பாலம் கட்டுகையில் ஒரே அண்டாச் சோற்றைப் பங்கு போட்டுத் தின்று மழையில் வேலைநிறுத்தம் உட்கார்ந்திருந்தார்கள். அண்டாவைக் கிளறிய சித்தாள் பெண்ணைத்தான் அவர் கட்டிக்கொண்டார்.

அதெல்லாம் ஒரு காலம். இப்போது சொந்தத் தெருவில் வேலை. 'வா மேஸ்திரி' என்று ஒரு பயலும் கூப்பிடவில்லை.

அந்தக் கடுப்பில் கம்பெனி சூப்பர்வைசருக்கே போன் போட்டார்.

"எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டோம் மேஸ்திரி. ஒண்ணே ஒண்ண புடிச்சிக்கிட்டு அடம் பண்றாங்க," என்று புலம்பிய சூப்பர்வைசர், வாசல் பள்ளத்தை மட்டும் மூட ஒரு ஜேசிபியை அனுப்பினார்.

வண்டியைப் பார்த்ததும் பந்தலே எழுந்து நின்றது. டிரைவர் மிரண்டு பின்னால் எடுத்ததில் குடிநீர்க் குழாய் உடைந்தது. பள்ளம் குளமாகி, வீட்டு முற்றம் வரை தண்ணீர் ஏறியது.

"இப்ப படகு விட்டுதான் கூட்டியாரணும்," என்றாள் அங்காளம்மாள்.

வாசல் இன்னும் தோண்டப்படாத பக்கத்து வீட்டு ஈவ்லின் டீச்சரிடம் கெஞ்சி, அவர் காம்பவுண்டுச் சுவரில் ஏணி சாத்தினார் பொன்னுரங்கம். வந்திறங்கிய மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உச்சி வரைக்கும் ஏறிவிட்டாள். இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் தண்ணீர். அந்தப் பக்கம் திரும்பினால் டீச்சர் வீட்டு நாய். சுவர்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வாசல் வழியா வழி பண்ணுங்க. இல்லாட்டி இந்தச் சம்பந்தமே வேணாம்," என்றாள் மேலேயிருந்து.

உள்ளே மகள் சுபத்ரா காபித் தட்டோடு நின்றிருந்தாள்.

பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலுக்கு ஓடினார்.

"டேய் பாலு, டீ குடுக்கறான், இன்சூரன்ஸ் குடுக்கறான், உள்ளூர் ஆளுக்கே வேலயும் குடுக்கறான். இன்னும் இன்னாடா பேஜாரு ஒங்களுக்கு? நாங்க நாயத்துக்குக் குந்தினோம். நீங்க எதுக்குடா குந்திகினு கீறீங்க? எம் பொண்ணு வாழ்க்கடா."

பாலு தலையைக் குனிந்துகொண்டான்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த சித்தாள் ரத்தினபாய்தான் ஒரு டம்ளரை அவர் பக்கம் நீட்டினாள்.

"அறுவது தாண்டின ஆளு வோணாம்னு உன்ன மட்டும் கழிச்சு வுட்டாங்கண்ணா, உன்ன சேக்காம ஒருத்தரும் சட்டி தூக்கறதில்லன்னுதான் குந்திகினு கீறோம்."