இரண்டாம் அணிக்கு ஓர் ஆள்

டிங். கொஞ்சம் இடைவெளி. டிங். மறுபடி இடைவெளி. டிங், டிங்.

கண்ணைத் திறக்காமலே லியூபென் கேட்டுக்கொண்டிருந்தார். தகரக் கிண்ணத்தில் ஏதோ விழுகிறது. காசு என்று நினைத்ததும் நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். வீட்டில் அவ்வளவு காசு கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. எழுந்து சமையலறைக்குப் போனார். மனைவி நெவெனா செர்ரிப் பழங்களிலிருந்து கொட்டை எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். பத்து விரலும் சிவப்பு.

"ஒரு முடிவுக்கு வந்துட்டேன், நெவெனா."

"முதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. முடிவு எங்கயும் ஓடிப்போயிடாது."

"இரண்டாம் அணிய மூடப் போறேன்."

டிங் நின்றது.

கியூஸ்தெண்டில் என்ற ஊரில் லியூபெனுக்கு ஒரு தோட்ட வேலைக் கம்பெனி. கம்பெனி என்றால் ஒரு கொட்டகை, இரண்டு வேன், இரண்டு அணி. முதல் அணியில் நான்கு பேர். ஓட்டல், பங்களா, வங்கி வாசல் எல்லாம் அவர்கள் பாடு. இரண்டாம் அணியில் ஒரே ஆள், அறுபத்தாறு வயது வெல்கோ. அவரே தலைவர், அவரே தொண்டர், சாப்பாட்டு வேளையில் ஆலோசனைக் கூட்டமும் அவரே. பிழைப்புக்காக வெளிநாடு போய்விட்டவர்களின் குடும்பக் கல்லறைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. புல் வெட்டுவார், பூ நடுவார், மெழுகுவர்த்தி ஏற்றிப் படம் எடுத்து ஸ்பெயினுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்புவார்.

முன்பு அந்த அணிக்குத் தலைவன் யாவொர். லியூபெனின் ஒரே மகன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்ச் மாதம், இருபத்தெட்டு வயதில், மூளையில் ஒரு ரத்தக்குழாய் வெடித்து, மதியச் சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் நடுவில் போய்விட்டான். நாற்பதாம் நாள் சடங்குக்குப் போனதோடு சரி. லியூபென் அப்புறம் அந்தக் கல்லறைத் தோட்டத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இறந்தவர்களுக்குப் படைக்கும் சனிக்கிழமை வருஷத்துக்கு மூன்று வரும். ஒருமுறை அவருக்குப் பல்வலி. அடுத்தமுறை தண்ணீர்ப் பம்பு ரிப்பேர். அதற்கடுத்த முறை மறுபடி பல்வலி; பிடுங்கிப் போட்ட அதே பல்.

நெவெனா ஒவ்வொரு தடவையும் கூடையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய் வந்தாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர் கத்தியாவது தீர்த்திருப்பார்.

"எதுக்கு மூடணும்?" என்றாள் இப்போது.

"ஒரு ஆளுக்கு ஒரு வேன். டீசல், இன்சூரன்ஸ், டயரு. கட்டுப்படி ஆகல."

"வெல்கோ அண்ணன் கொண்டு வர்ற பணத்துலதான் ஜனவரில முதல் அணிக்குச் சம்பளம் போட்டேன். பனிக்காலத்துல ஓட்டல்காரன் புல்லு வெட்டக் கூப்பிடுவானா? செத்தவங்க மட்டும்தான் பன்னெண்டு மாசமும் வாடிக்கை."

"கணக்கு உனக்குத் தெரியும். நிர்வாகம்னா வேற."

"ஆமா, வேறதான். நிர்வாகம் தூங்கி எந்திரிக்க எட்டு மணி ஆகுது."

டீசலும் டயரும் காரணமே இல்லை. அது அவளுக்கும் தெரியும். இரண்டாவது வேனின் பக்கவாட்டில் பச்சை எழுத்தில் 'லியூபெனும் மகனும்' என்று எழுதியிருந்தது. தினமும் காலை ஏழு மணிக்கு அது வாசலைத் தாண்டிப் போகும். அது தெருவைத் தாண்டும்வரை லியூபென் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டமாட்டார். பெயிண்ட் அடித்து மறைக்கலாமே என்றால், பெயிண்ட் விலை ஏறிவிட்டது என்பார். வேனை விற்றுவிட்டால் எழுத்தும் கூடவே போய்விடும்.

"வயசான மனுஷனைச் சும்மா நிறுத்த முடியாதுங்க," என்றாள் நெவெனா, கொட்டையை மறுபடி எடுத்தபடி. "காரணம் வேணும். காரணமில்லாம நிறுத்தினா மூணு மாசச் சம்பளம் தரணும்."

"காரணத்துக்கு எங்க போறது? அந்த ஆளு லேட்டா வர்றதில்ல, லீவு போடறதில்ல..."

"விதிமுறை இருக்கே."

கொட்டகைச் சுவரில் லியூபென் தன் கைப்பட எழுதி ஒட்டிய ஐந்து விதிகள் உண்டு. முன்பு ஒருத்தன் குடித்துவிட்டு, களை என்று நினைத்து, டாக்டர் வீட்டு ரோஜாவரிசை முழுவதையும் வழித்துவிட்டான். அன்றைக்கு எழுதியது. மூன்றாவது விதி: லேட்டாக வந்தவருக்கு அன்றைக்குச் சம்பளம் கிடையாது. நான்காவது விதி: வேலை நேரத்தில் குடித்தவர் அன்றே வெளியே. ஐந்தாவதை நெவெனா சேர்த்தாள்: இவை எல்லோருக்கும் பொருந்தும்.

"வெல்கோ குடிக்கிறதில்லையே," என்றார் லியூபென்.

"சாதாரண நாள்ல இல்ல." டிங். "நாளைக்குச் செர்ரிச் சனிக்கிழமை. படையல் நாள், ஊரே கல்லறையில இருக்கும். அவர் கையில இருபத்துமூணு கல்லறை. பக்கத்துக் கல்லறைக்காரங்க ஒவ்வொருத்தரும் ஒரு கிண்ணம் ஒயின் நீட்டுவாங்க. வேணாம்னு சொல்ல முடியுமா?"

சொல்ல முடியாது. கல்லறையில் நீட்டியதை மறுத்தால் அந்த வீட்டில் செத்தவரையே மறுத்ததாகிவிடும். அந்த ஊரில் பெரிய கஞ்சன்கூட அதைச் செய்யமாட்டான்.

லியூபென் நாற்காலியில் நிமிர்ந்தார். மூளை வேலை செய்யும் சத்தம் அவருக்கே கேட்டது. "நெவெனா! எனக்கு ஒரு யோசனை."

"அப்படியா? சொல்லுங்க."

"நாளைக்கு மத்தியானம் நேர்ல போறேன். கையும் கிண்ணமுமாப் புடிக்கறேன்."

"அடேயப்பா. இதெல்லாம் உங்களுக்கு மட்டும் எப்படித்தான் தோணுதோ!"

லியூபென் அடக்கமாகத் தலையைத் தடவிக்கொண்டார். அப்புறம், ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்: "வெல்கோவுக்கு நாளைக்கு எந்தப் பக்கம் வேலை?"

"மேற்கு வாசல் பக்கம். நீங்க நினைக்கிற பக்கம் இல்ல."

"நான் எந்தப் பக்கமும் நினைக்கல."

"நானும் அதத்தான் சொல்றேன். நான் காலையிலயே போயிட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் திரும்பிடுவேன்."

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு லியூபென் மேற்கு வாசலில் நின்றார். வேன் அங்கேதான் நின்றது. எழுத்துள்ள பக்கம் சுவரை ஒட்டியிருந்தது. நல்லதாகப் போயிற்று என்று உள்ளே நுழைந்தார்.

கல்லறைகள் மேலெல்லாம் வழக்கப்படி வால்நட் இலை பரப்பியிருந்தார்கள். மெழுகு வாசனை. பத்தடிகூடப் போகவில்லை.

"லியூபென்! யாவொர் அப்பா!" ரொட்டிக்கடைக்காரரின் விதவை பிளாஸ்டிக் கிண்ணத்தை நீட்டினாள். "செத்தவங்களக் கடவுள் மன்னிக்கட்டும்."

"கடவுள் மன்னிக்கட்டும்," என்று வாங்கிக் குடித்தார். கையில் ஒரு பிடி செர்ரி விழுந்தது. "வெல்கோவைப் பார்த்தீங்களா?"

"இப்பத்தான் மேல போனார். இரு, இன்னொரு கிண்ணம் குடி. அது எங்க வீட்டுக்காரருக்கு, இது உன் பையனுக்கு. அவர் தலைமாட்டுல இந்த லாவெண்டர் வெச்சது யாவொர்தான், தெரியுமில்ல?"

தெரியாது. குடித்தார்.

அடுத்த வரிசையில் மருந்துக்கடைக்காரர். இவருடையது ஒயின் இல்லை, பிளம் சாராயம். "மூணு வருஷமா உங்களக் காணலையே? எங்க அம்மா கல்லறைக்கு உங்க பையன் காசே வாங்கல. இந்தாங்க, அவனுக்காக." அதற்கடுத்து பள்ளிக்கூட ஆசிரியை, காகிதத் தட்டில் சர்க்கரையும் வால்நட்டும் போட்ட அவித்த கோதுமை, கூடவே வெள்ளை ஒயின். "படிப்புல மோசம் உன் மகன். ஆனா வகுப்பு ஜன்னல்ல ஒரு செடியச் சாகவிட்டதில்ல." பெயர் தெரியாத ஒரு ராணுவக்காரர் யாரென்றே கேட்காமல் ஊற்றினார்.

எல்லோரிடமும் அதே கேள்வி, வெல்கோ எங்கே. எல்லோரிடமும் அதே பதில், இன்னும் கொஞ்சம் மேலே. எட்டாவது கிண்ணத்துக்குப் பிறகு லியூபென் எண்ணுவதை நிறுத்தினார். இரண்டு பையிலும் செர்ரி, தொப்பியில் கோதுமை. பாதை இரண்டாகத் தெரிந்தது. இரண்டிலும் ஏறினார்.

மேட்டின் மேல் வெல்கோ முதுகு காட்டி நின்றார். கையில் கிண்ணம்!

"புடிச்சேன்!" என்று கத்தினார் லியூபென். தொப்பி சரிந்து கோதுமை சிந்தியது.

வெல்கோ நிதானமாகத் திரும்பி, கிண்ணத்திலிருந்த ஒயினைச் சிலுவை போலக் கல்லறைமேல் ஊற்றினார். "வாங்க தம்பி. இருபத்துமூணும் முடிஞ்சுது. குடுக்கறத வாங்கி அவங்கவங்களுக்கே ஊத்திடறேன். சர்க்கரை வியாதிக்காரன் நான் எங்க குடிக்கறது?"

"அப்ப நீங்க குடிக்கல?"

"அவர் குடிக்கலங்க," என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். பதினொரு மணிக்கே திரும்பியிருக்க வேண்டிய நெவெனா மடக்கு நாற்காலியில், மடியில் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "கிட்ட வாங்க. வாயத் திறங்க."

லியூபென் வாயை மூடிக்கொண்டார்.

"சனிக்கிழமை நம்ம கம்பெனிக்கு வேலை நாள். மணி ஒண்ணு. வேலை நேரம். நாலாவது விதி என்ன?"

"நான் முதலாளி, நெவெனா!"

"அஞ்சாவது விதி என்ன?"

வெல்கோ இருமலை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"அன்றே வெளியேன்னு உங்க கையெழுத்துல இருக்கு. ஆனா வயசான மனுஷனைச் சும்மா நிறுத்தக்கூடாது இல்லையா? திங்கக்கிழமையிலிருந்து இரண்டாம் அணிக்கு மாத்தறேன். தலைவர் வெல்கோ அண்ணன். ரொம்ப நாளா அங்க ஒரு ஆள் குறையுது."

லியூபெனிடம் பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் தான் எந்தக் கல்லறை முன் நிற்கிறோம் என்று பார்த்தார்.

கல்லில் படம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் யாவொர். வேன் புதிதாய் வந்த அன்று லியூபெனே எடுத்த படம். அவன் தோளுக்குப் பின்னால் பாதி வெட்டுப்பட்டு '...மகனும்' என்ற எழுத்து.

இலைகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நெவெனா எழுந்து வரவில்லை, தொடவுமில்லை. பையிலிருந்த செர்ரி நசுங்கி, கால்சட்டையில் சிவப்பாக இறங்கியது.

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "இந்தப் புல்லு ஓரம் கோணல்."

"கோணல்தான் தம்பி," என்றார் வெல்கோ.

"ஒரு ஜாண் கோணல்! மத்த கல்லறையெல்லாம் நூல் புடிச்சாப்பல வெட்டியிருக்கீங்க, இது மட்டும் என்ன?"

வெல்கோ நெவெனாவைப் பார்த்தார்.

லியூபெனுக்குக் கோணல் ஓரம் ஆகாது. முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில்கூட வண்டியை நிறுத்தி இறங்கிச் சரிசெய்துவிட்டு வருகிற மனுஷன். முப்பத்துமூன்று வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா?

"நான்தான் நேரா வெட்ட வேணாம்னேன்," என்றாள் அவள், கூடைக்குள் எதையோ தேடியபடி. "மூணு வருஷமா."

லியூபென் கையை நீட்டினார். வெல்கோ தன் கத்தரியை அதில் வைத்தார்.

"திங்கக்கிழமை ஏழு மணிக்கு வேன் கிளம்பிடும்," என்றார் புதிய தலைவர். "லேட்டா வந்தா மூணாவது விதி."

லியூபென் முழங்காலில் ஊன்றி, ஒரு கண்ணை மூடி ஓரத்தை அளந்து பார்த்துவிட்டு, கல்லின் மூலையிலிருந்து புல்லை வெட்டத் தொடங்கினார்.