பின்சக்கர மோட்டாரும் என் மூக்குக்கண்ணாடியும்

விழுந்தவனுக்கும் குதித்தவனுக்கும் காயம் ஒரே மாதிரிதான் இருக்கும். முழங்கையில் சிராய்ப்பு, முட்டியில் சிராய்ப்பு, வேட்டியில் கிழிசல். பார்த்த மாத்திரத்தில் எது எது என்று டாக்டராலும் சொல்ல முடியாது. இந்த வசதியை நம்பி நான் பதினோரு நாள் பொய் சொன்னேன். அதற்கு முன் இன்னொரு தப்பும் செய்திருந்தேன். அதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வீடு பாகூரில். நாலு வருடங்களுக்கு முன், பெங்களூருக்கு மாற்றலாகிப் போன என் மருமகன் தன்னுடைய மலைச் சைக்கிளை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். தடித்த டயர், இருபத்தொரு கியர். எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் மலை கிடையாது. இருப்பதில் உயரமானது ஏரிக்கரைதான். ஆகவே அந்தச் சைக்கிள் கூடத்து மூலையில் சாய்ந்து நின்றது. என் மனைவி மங்கை அதன் ஹேண்டில்பாரில் துண்டு காயப்போட்டு வந்தாள்.

ஒருநாள் கைபேசியில் ஒரு படம் பார்த்தேன். என் வயதுக்காரர் ஒருவர் மோட்டார் வைத்த சைக்கிளில் பாறை, சேறு, காட்டுப் பாதை என்று எதையும் விடாமல் ஏறிக்கொண்டிருந்தார். முகத்தில் வியர்வையே இல்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். (எனக்கு முட்டி வலி வேறு இருந்தது. முட்டி வலிக்காரன் மருத்துவரிடம் போக வேண்டும், மோட்டாரிடம் அல்ல என்று அப்போது யாரும் சொல்லவில்லை. மங்கை சொன்னாள். மங்கையை நான் கணக்கில் எடுப்பதில்லை, அப்போது.)

பத்து நாள் படித்தேன். ஒரு நோட்டு போட்டேன். சைக்கிளில் மோட்டார் வைக்க இரண்டு இடம் உண்டு. ஒன்று பின்சக்கரத்தின் நடுவில், அது சக்கரத்தை நேராகச் சுற்றும். இன்னொன்று மிதிகட்டை இருக்கும் இடத்தில், அது செயின் வழியாக, கியர் வழியாகத் தள்ளும். நோட்டில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, விசை, ஆரம், முறுக்குவிசை எல்லாம் கணக்கிட்டு, பின்சக்கர மோட்டார்தான் சிறந்தது, அதிலும் இருப்பதிலேயே பெரியதுதான் சிறந்தது என்று நிரூபித்தேன். நிரூபணத்தின் கீழே இரண்டு கோடு போட்டேன்.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வில்லியனூரில் செல்வி நடத்தும் கடைக்குப் போனேன். பேட்டரி சைக்கிள் வேலையில் சுற்றுவட்டாரத்தில் அந்தம்மாவை மிஞ்ச ஆள் இல்லை. ஐம்பது வயது இருக்கும். நோட்டை வாங்கி, கிரீஸ் படிந்த விரலால் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எங்க ஓட்டப் போறீங்க சார்?"

"ஏரிக்கரை, கரும்புக்காட்டு வழி, ஆத்து ஓரம். ரோடு இல்லாத எடம்."

"அப்ப நடுவுல வைக்கிற மோட்டாரு போடுங்க. நீங்க மிதிச்சாத்தான் அது தள்ளும். மிதிக்கிறத வுட்டா அதுவும் வுட்டுடும். உங்க வயசுக்கு அதான் நல்லது."

உங்க வயசுக்கு என்ற சொல்லோடு நான் காதை மூடிக்கொண்டேன்.

"செல்வி, கணக்கு அப்படிச் சொல்லலையே."

"கணக்கெல்லாம் அழகா இருக்குது சார். இதுல சேறு எங்க இருக்குது?"

சேற்றை எந்தக் குறியீட்டால் எழுதுவது என்று உண்மையிலேயே யோசித்தேன். கடைசியில் நான் கேட்ட மோட்டாரையே, கையால் திருகும் ஆக்சிலேட்டரோடு பூட்டிக் கொடுத்தார். சாவி சீட்டுக்குக் கீழே, பேட்டரிப் பெட்டியில். பிரேக் பிடித்தால் மோட்டார் தானாக நிற்கும்படி வேறு பிரேக் பிடி போடவா என்று கேட்டார். மருமகனின் பளபளப்பான பிடியைக் கழற்ற மனம் வரவில்லை, வேண்டாம் என்றேன். கேரியர் மட்டும் வேண்டும் என்றேன். (மலைச் சைக்கிளுக்குக் கேரியர் போட்டது உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கேரியர் இல்லாத சைக்கிளில் எனக்கு நம்பிக்கை இல்லை.)

கிளம்பும்போது செல்வி வாசல் வரை வந்தார். "சார், அந்தக் கைப்பிடி மேல இருக்கிற பிளாஸ்டிக் கவர மட்டுமாச்சும் பிரிச்சிடுங்க."

தலையாட்டினேன். பிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் எதற்கும் கவர் பிரிக்கிற வழக்கம் இல்லை. பிரிட்ஜ் வாங்கி ஆறு வருடம் கதவில் உறையோடு இருந்தது. சோபாவில் உட்கார்ந்தால் இன்றும் சரசரவென்று சத்தம் கேட்கும். பொருள் புதுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சைக்கிளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்த மங்கைகூடக் கைப்பிடி உறையின் மேல்தான் வைத்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சேகர் வந்தான். மங்கையின் தம்பி. கரையாம்புத்தூரில் கரும்பும் நெல்லும் வைப்பவன். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம், பன்னிரண்டு நாள் இருந்தது. ஏரிக்கு மறுபக்கத்து ஊரில் நெருங்கிய சொந்தம் ஒன்று பாக்கி. பத்திரிகையை நேரில் போய்த் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும், கூட நானும் போக வேண்டும். இல்லாவிட்டால் கல்யாணத்துக்கு வராமல் இருந்து, அதைப் பத்து வருடம் சொல்லிக் காட்டுவார்கள். பத்தரைக்கு ராகு காலம். சேகர் வந்த பஸ் தாமதம். மணி ஒன்பதே முக்கால்.

"ரோட்ட சுத்திக்கினு போனா நேரமாயிடும். ஏரிக்கரை மேலயே போயிடலாம். ஏறு," என்றேன்.

சேகர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தான். "இதுலயா? நேத்து மழ பேஞ்சிருக்குது மாமா. நான் நடந்தே வந்துடுறேன்."

"இந்த மோட்டார் எவ்வளவு இழுக்கும் தெரியுமா?"

"அது இழுக்கும். நிக்குமா?"

"ஏறுடா."

அவன் ஏறினான். தோளில் பத்திரிகைப் பை. அக்காள் வீட்டுக்காரர் சொன்னால் ஏற வேண்டியதுதான் என்று ஏறினான். இன்றைக்கும் இரவில் என் தூக்கத்தைக் கலைப்பது அந்த "ஏறுடா"தான்.

ஏரி நிரம்பியிருந்தது. கரையின் இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் பத்தடிப் பள்ளத்தில் கரும்பு. நடுவில் வழுவழுவென்ற களிமண் தடம், இரண்டு முழ அகலம். ஏறிய ஐந்தாவது நிமிடமே எனக்குத் தப்பு புரிந்துவிட்டது. மோட்டார் பின்னால், பேட்டரி பின்னால், சேகரும் பின்னால். முன்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் தன் இஷ்டத்துக்குப் போனது. என் கணக்கில் இல்லாத சேறு என் கண்ணாடியில் தெறித்தது.

"மாமா, எனக்கு நீச்சல் தெரியாது. தெரியும்ல?"

"தெரியும்."

"சும்மா சொல்லி வைச்சேன்."

வேகத்தைக் குறைக்கலாம் என்று கையைத் தளர்த்தினேன். குறையவில்லை. வியர்வையில் வழுக்கிய பிளாஸ்டிக் உறை சுருண்டு, திருகும் பகுதிக்கும் திருகாத பகுதிக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஏறியிருந்தது. ஆக்சிலேட்டர் முழுதாகத் திருகிய நிலையிலேயே நின்றுவிட்டது. பிரேக்கைப் பிடித்தேன். சேறு பூசிய பிரேக் கட்டை கிறீச்சிட்டது, மோட்டார் உறுமியது, சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. நான் தேடித் தேடி வாங்கிய முறுக்குவிசை அது.

"மாமா, நிறுத்துங்க."

"நிக்கல."

"சாவி எங்க?"

சாவி. எனக்குத் தெரியும். நானே கேட்டுப் பூட்டிக்கொண்ட மோட்டார். ஆனால் அந்த நொடியில் சாவி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதே நினைவில் இல்லை. எதிரே ஏரியின் மதகு தெரிந்தது. இரண்டு கருங்கல் தூண், நடுவில் தண்ணீர் இறங்கும் குழி. இருநூறு அடி இருக்கும்.

"யோவ், சாவி எங்கய்யா?" என்றான் சேகர். முப்பத்தெட்டு வருட உறவில் அவன் என்னை யோவ் என்றது அதுதான் முதல் தடவை.

இனி சொல்வதை நான் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. பல் பிடுங்கப் போனாலும், ஊசி போட்டாலும், கடலில் கால் வைத்தாலும், நான் முதலில் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவேன். சிறு வயதிலிருந்து அப்படி. ஆகவே ஒரு கையால் கண்ணாடியைக் கழற்றினேன். தொடையில் வைத்து மடித்தேன். சட்டைப் பையில் போட்டேன். பையின் பொத்தானையும் போட்டேன். பிறகு வலது பக்கம் குதித்தேன்.

பின்னால் உட்கார்ந்திருந்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரிவில் நாலு புரள் புரண்டு ஒரு கோரைப் புதரில் நின்றேன். மேலே மோட்டார் சத்தம் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு தண்ணீரில் ஏதோ தொப்பென்று விழுந்தது. பிறகு மோட்டார் சத்தமும் நின்றுவிட்டது.

கரையில் தவழ்ந்து ஏறினேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு ஏரியும் வானமும் ஒன்றுதான். பையின் பொத்தானைக் கழற்ற வரவில்லை. நிறுத்தத் தெரியாத சைக்கிளில் போகும்போது அவ்வளவு ஒழுங்காகப் போட்ட பொத்தான். பல்லால் இழுத்துப் பிய்த்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தண்ணீரின் மேல் கல்யாணப் பத்திரிகைகள் மிதந்துகொண்டிருந்தன. நான்கு மூலையும் மஞ்சள். நடுவில் பையின் காது. சேகர் இல்லை.

கல்யாணப் பெண்ணுக்கு என்ன சொல்வேன் என்று நினைத்தேன். மங்கைக்கு என்ன சொல்வேன் என்று அதற்குப் பிறகுதான் நினைத்தேன். முட்டளவு தண்ணீரில் இறங்கி, "சேகர், சேகர்" என்று கத்தினேன்.

"இன்னாத்துக்கு மாமா தண்ணியில தேடுறீங்க? இங்க இருக்கேன்."

குரல் கரும்புப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து வந்தது. கரும்பு வரிசையின் ஓரத்தில் சைக்கிளுக்கு அடியில் கிடந்தான். வலது கை மணிக்கட்டுக்கு மேல் இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. இடது கையில் சாவி.

"நீங்க உக்காந்திருந்த வரைக்கும் சாவி தெரியல. எறங்குனதும் தெரிஞ்சிது," என்றான். சீட்டின் மேல் கவிழ்ந்து, ஒரு கையால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பியிருக்கிறான். குனிந்ததில் பை நழுவி ஏரியில் விழுந்தது. மதகுக்கு ஆறு அடி முன்னால் சைக்கிள் தயங்கி, பள்ளத்தில் சாய்ந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும்போது மங்கை வந்தாள். "எப்படி ஆச்சி?"

"என்னைத் தூக்கி எறிஞ்சிடுச்சி," என்றேன்.

சேகர் என்னைப் பார்த்தான். "ஆமாங்க்கா. மாமாவ அப்படியே தூக்கிடுச்சி."

மங்கை என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நல்ல வேள, கண்ணாடி ஒடையல."

பதினோரு நாள் அந்த ஒரு வாக்கியத்தோடு வாழ்ந்தேன். யாராவது கண்ணாடி என்று சொன்னாலே பேச்சை மாற்றுவேன். துக்கம் விசாரிக்க வருவது போல உறவினர்கள் வந்து, தூக்கி எறியப்பட்ட எனக்கு ஹார்லிக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஏரிக்கு மறுபக்கத்துச் சொந்தமே பத்திரிகையில்லாமல் கிளம்பி வந்து பார்த்தது. சேகர் ஒருவன்தான் எதுவும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

கல்யாணத்தன்று தாரை வார்க்க வேண்டிய சேகரின் வலது கை மாவுக்கட்டோடு தொங்கியது. அந்தக் கையைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் ஐயர். பெண்ணுக்கு மாமா முறை நான், நான்தான் பிடித்தேன். என் கையின் மேல் அவன் கை, அதன் மேல் பெண்ணின் கை. சேகரின் மனைவி தண்ணீர் ஊற்றினாள். ஓமப்புகை கண்ணைக் கரித்தது. மறு கையால் கண்ணாடியைக் கழற்றினேன்.

சேகர் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "மாமா, கண்ணாடிய போட்டுக்குங்க. இன்னிக்கு குதிக்காதீங்க."

முறைப்படி நான் அங்கேயே அழுதிருக்கக் கூடாது. அழுதேன். பெண்ணைக் கொடுக்கிற இடம் என்பதால் யாரும் தப்பாக நினைக்கவில்லை.

பந்தி முடிந்ததும், கைகழுவும் இடத்தில் அவனைத் தனியாகப் பிடித்தேன். மன்னித்துவிடு என்றேன். அவன் இடது கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"முன்னாடி நான் உக்காந்திருந்தா நானும்தான் குதிச்சிருப்பேன் மாமா. அது ஒண்ணுமில்ல. கண்ணாடிய மடிக்க நேரம் இருந்துச்சில்ல, பொத்தான் போட நேரம் இருந்துச்சில்ல. சேகரு, குதின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

அன்று மாலையே மங்கையிடம் நானே சொன்னேன். அவள் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாவது நாள் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. காரில் போகும்போது நான் கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினால், "எல்லாரும் புடிச்சிக்குங்க" என்பாள். பேரப்பிள்ளைகள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும். வாடகைக் கார் ஓட்டுபவர்கள் மிரண்டுபோய் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறார்கள்.

சைக்கிள் இருக்கிறது. செல்வி ஒரு கேள்வியும் கேட்காமல் பின்சக்கர மோட்டாரைக் கழற்றி, மிதித்தால் மட்டும் தள்ளுகிற மோட்டாரை நடுவில் பூட்டிக் கொடுத்தார். கைப்பிடி உறையை அவரே கத்தரித்துக் குப்பையில் போட்டார். கேரியரை நான் கழற்றச் சொன்னேன். சேகர் வேண்டாம் என்று தடுத்துவிட்டான்.

அவன் பாகூருக்கு வந்தால் ஏரிக்கரையில் ஒரு நடை போய்வருவோம். அவன் மிதிப்பான், நான் கேரியரில் உட்காருவேன். ஏறுவதற்கு முன் அவன் கையை நீட்டுவான், நானும் கழற்றிக் கொடுத்துவிடுவேன். மதகைத் தாண்டும்போது என் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கண்ணாடி அவன் சட்டைப் பையில் இருக்கும், பொத்தான் போட்டு.