நாற்பது மாஸ்க்கும் நீலச் சொட்டும்

வரதய்யபாளையம்,
17-1-1960

மதிப்பிற்குரிய மாமா ஆதிநாராயணன் அவர்களுக்கு, மாப்பிள்ளை கோவர்த்தனன் வணக்கம். இங்கு நானும் உங்கள் மகள் அலர்மேல்மங்கையும் சுகம். திருப்பதியில் தாங்களும் அத்தையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், இல்லாவிட்டால் இதற்குள் தந்தி வந்திருக்கும் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பள்ளிக்கூட சயின்ஸ் அலமாரியிலிருந்து எனக்கு ஒரு பாட்டில் அயோடைடு மருந்து கொடுத்தீர்களே, அதனால் ஒருத்தியின் வேலை போக இருந்தது. எங்கள் காசநோய் வார்டில் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டும் மாஸ்க் நாற்பது இருக்கிறது. தினமும் கம்பவுண்டராகிய நான் அவற்றை ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டுக் கொடுப்பேன், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சென்னம்மா அலசிக் காயவைத்துக் கொண்டுவருவாள். போன வாரம் நர்ஸ் யசோதாவின் கன்னத்தில் புண் வந்துவிட்டது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, துணியில் பவுடர் தங்குகிறது, சென்னம்மா சரியாக அலசுவதில்லை, எவ்வளவு தங்குகிறது என்று அளந்து சொல், திங்கட்கிழமையும் இருந்தால் அவளை நிறுத்திவிடுகிறேன் என்று தெலுங்கில் பாதியும் இங்கிலீஷில் பாதியுமாக உத்தரவு போட்டுவிட்டார். அவள் புருஷன் கால் ஒடிந்து படுத்திருக்கிறான், வீட்டில் உலை வைப்பது அவள் சம்பளத்தில்தான்.

ஒரு சொட்டு விடு, நிறம் மாறினால் பவுடர் இருக்கிறது, போட்டோ கழுவும் ஹைப்போக் கரைசல் எத்தனை சொட்டு விட்டால் நிறம் போகிறதோ அவ்வளவு மிச்சம் என்றுதானே சொன்னீர்கள்? போட்டோ ஸ்டூடியோவில் ஹைப்போ கேட்டு வாங்கி வந்து, அலசிக் காய்ந்த மாஸ்க் ஒன்றில் மருந்தைச் சொட்டு விட்டேன். குப்பென்று நீலம். ஒன்பது சொட்டு ஹைப்போ குடித்த பிறகுதான் போனது. சென்னம்மாவை நாலு தண்ணீர் அலசச் சொன்னேன், நீலம். ஏழு தண்ணீர் அலசினாள், நீலம். ஏரிக்கே கொண்டுபோய் அலசி வந்தாள், இன்னும் நல்ல நீலம். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கோ, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இது எப்படி என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது பாட்டிலை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு சோற்றில் விழுந்தது. சோறு நீலமாகிவிட்டது மாமா! முறுக்கில் விட்டேன், நீலம். உருளைக்கிழங்கில் விட்டேன், நீலம். கத்தரிக்காய் மட்டும் சும்மா இருந்தது. "துன்ற சோத்துல கூடவா சோதன பண்ணிக்கினு இருப்பீங்க?" என்று உங்கள் மகள் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அப்போதுதான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெயில்படும் ஜன்னலில் நான் வைத்த மருந்து மஞ்சளாகப் பழுத்திருந்தது. பழுத்த மருந்து மாவைக் கண்டால் நீலமாகுமோ? உடனே சென்னம்மா வீட்டுக்கு ஓடி, துணிக்கு என்ன போடுகிறாய் என்று கேட்டேன். "இன்னா சாமி இப்டி கேக்கறீங்க? வெள்ளத் துணியக் கஞ்சி போடாம குடுத்தா என் கைக்கு இன்னா மரியாத?" என்றாள்.

நேற்று டாக்டரிடம் போய், அவருடைய சட்டைக் கையிலேயே ஒரு சொட்டு விட்டேன். அதுவும் அவள் வெளுத்ததுதான், பவுடர் வாடையே அறியாதது. நீலம் பரவியதும் அவர் கத்தவில்லை, சிரித்துவிட்டார். கன்னத்தை அறுத்தது கஞ்சியின் விறைப்புதான் என்று யசோதாவும் ஒப்புக்கொண்டாள். சென்னம்மாவின் வேலை நிலைத்தது. இனி மாஸ்க்குக்குக் கஞ்சி கூடாது என்று சொல்லிவிட்டேன். எல்லா மாஸ்க்கும் பரிசுத்தம் என்று நாளைக்கு மாவட்டத்துக்குப் போகும் காகிதத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். இந்த எல்லைப் பக்கத்து ஊர்கள் ஆந்திராவா மெட்ராஸா என்பதை இத்தனை வருஷம் பேசினார்கள், இதை நான் ஒரு வாரத்தில் தீர்த்திருக்கிறேன் என்று அத்தையிடம் சொல்லவும். புதுப் பாட்டில் ஒன்று அனுப்பவும்.

அத்தைக்கு நமஸ்காரம், பக்கத்து வீட்டு எத்திராஜ் சாருக்கு என் விசாரிப்பு.

தங்கள் மாப்பிள்ளை,
கோவர்த்தனன்

பின்குறிப்பு: தபால் எடுக்க நேரமிருந்ததால் உறையை மறுபடி பிரித்தேன். கஞ்சி இல்லாத மாஸ்க்கை இன்று கட்டிய யசோதா கண் சிவந்து, தும்மித் தும்மி வெளியே ஓடிவந்தாள். மருந்தே வேண்டாம், வாசலிலேயே பவுடர் நாறுகிறது. சென்னம்மாவைக் கேட்டேன். "பவுடர் வாசன இருந்தா கஞ்சி கெட்டுப் போவும் சாமி, அதுக்காவத்தான் அத்தினி தண்ணி அலசறது. கஞ்சியே வாணாம்னுட்டீங்க, அப்பால எதுக்கு அலசணும்?" என்றாள். டாக்டர் காலையில் வருகிறார். என் கையெழுத்தோ அவர் மேஜைமேல் இருக்கிறது. அவளோடு சேர்ந்து நாற்பதையும் அலசிக்கொண்டே இதை எழுதுகிறேன், அதனால் ஈரக் கைக்கு மன்னிக்கவும். இந்தக் கடிதத்தில் எங்காவது மை வெளுத்திருந்தால் இன்னும் அலசல் போதவில்லை என்று அர்த்தம், தயவுசெய்து உடனே ஒரு தந்தி கொடுக்கவும்.